முந்நூறு கிராம்

வாங்க, வாங்க. செருப்போடவே உள்ள வாங்க, கீழ பூரா இரும்புச் சுருளுங்க, கால்ல ஏறிடும். கோபியில இருந்துதானே வர்றீங்க? பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. லேத்துப் பட்டறைக்கு வேலை கொண்டு வர்றவன் கையில ஏதாவது இரும்பைத் தூக்கிட்டு வருவான். வெள்ளை வேட்டி கட்டிட்டு, கையை வீசிட்டு, பக்கத்து டீக்கடையில ஒரு தடவை விசாரிச்சுட்டு உள்ள வந்தா அது பொண்ணு வூட்டுக்காரங்கதான். டீக்கடைக்காரன் என்ன சொன்னான்? அண்ணனும் தம்பியும் பேசிக்கறதில்லைன்னு சொல்லியிருப்பான். சொல்லட்டும். அது நிசந்தானுங்க.

உக்காருங்க. ஸ்டூல்ல எண்ணெய் இருக்கும், இந்தப் பேப்பரைப் போட்டுக்கோங்க. பொண்ணுக்கு நீங்க தாய்மாமனுங்களா? அப்ப நீங்கதான் விசாரிக்கோணும். கூச்சப்படாம கேளுங்க. எல்லாப் பக்கமும் விசாரிச்சுட்டு அண்ணங்காரனை விட்டுட்டா நாளைக்கு ஊரு என்ன பேசும்?

பூபதியைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்ல மாட்டேன். கூடப் பொறந்தவன். ஒரு கல்யாணத்தைக் கலைச்சு விட்ட பாவம் எனக்கு வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்றேன். அவன் நல்லவனா, நன்றி கெட்டவனான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

எங்க அய்யன் லாரி அடிச்சுப் போனப்ப அவன் நாலாங்கிளாஸு. எனக்கு இருபது முடிஞ்சிருந்தது. அம்மாவும் அடுத்த வருசமே நெஞ்சு வலின்னு படுத்து எந்திரிக்கலை. அதுக்கப்புறம் அவனுக்கு அய்யன், அம்மா, வாத்தியார் எல்லாம் இந்தத் துளசிமணிதான். நான் அந்த வயசுல ஆணழகன் போட்டிக்குப் போயிட்டிருந்தவனுங்க. நம்ப மாட்டீங்க, இந்த வயித்தைப் பார்த்தா யாரும் நம்ப மாட்டாங்க. மாவட்டத்துல மூணாவது வந்தேன். சூலூர்ல ஒரு மண்டபத்துல மேடையில நின்னப்ப ஜனம் விசிலடிச்சது இன்னும் காதுல இருக்குது. மாநிலத்துக்குப் போயிருக்கோணும். அய்யன் போனாரு, நான் லேத்துல கையை வெச்சேன், அவ்வளவுதான். என் உடம்பு போச்சு. சரி, இன்னொரு உடம்பு இருக்குதே வூட்டுல, அதைச் செஞ்சு எடுப்போம்னு நினைச்சேன். அதுல என்னங்க தப்பு?

அவனுக்கு நல்ல எலும்பு. ஸ்கூல்ல ஜூடோ ஆடுனான், காலேஜ்ல மல்யுத்தம். அப்பத்தான் இந்தக் கூண்டுச் சண்டை டிவியில வர ஆரம்பிச்சது. எம்.எம்.ஏ.ன்னு சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியாதுன்னா சொல்றேன். ரெண்டு பேரைக் கம்பிக் கூண்டுக்குள்ள விட்டுக் கதவைச் சாத்திடுவாங்க. குத்தலாம், உதைக்கலாம், கீழ தள்ளி அமுக்கலாம், கையை முறுக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். கடிக்கக் கூடாது, கண்ணுல விரல் விடக் கூடாது. முடியலைன்னா எதிராளி மேலயோ தரையிலயோ கையால தட்டோணும். தட்டினா தோத்துட்டேன்னு அர்த்தம். அந்த நிமிசமே விட்டுருவாங்க. எவ்வளவு கோவத்துல இருந்தாலும் விட்டுருவான். அது அவங்களுக்குள்ள ஒரு மரியாதை.

நான் அவங்கிட்ட மொதல் நாளே சொல்லிட்டேன். "பூபதி, நம்ம கை தட்டறதுக்கு இல்ல"ன்னு. "சரிங்ணா"ன்னான். அவன் எதுக்குமே சரிங்ணாதான். அந்த வயசுல எந்தப் பையன் அப்படி இருப்பான் சொல்லுங்க? காலைல நாலு மணிக்கு எழுப்பினா எந்திரிப்பான். ஓடுன்னா ஓடுவான். காலேஜை விடுன்னேன், விட்டான். ஒரு பொண்ணு கூடப் பேசிட்டிருந்தான் போல, போனைப் புடுங்கி வெச்சேன், ஏன்னு கேக்கலை. அப்படி வளர்த்தேன்.

நல்லாத்தான் வந்தானுங்க. மெட்ராசுல ஜெயிச்சான், ஐதராபாத்துல ஜெயிச்சான், கொச்சியில ரெண்டு தடவை ஜெயிச்சான். "பூகம்பம் பூபதி"ன்னு பேரு வெச்சதே நாந்தான். இங்க நம்ம கணபதி பஸ் ஸ்டாப்புல அந்த முனையில இருந்து இந்த முனை வரைக்கும் பேனர். அவன் படம் பெருசு, என் படம் கீழ வட்டத்துக்குள்ள. மாலை போட்டு வேன்ல ஏத்திட்டு வருவாங்க. அவனுக்கு வெக்கம், தலையைக் குனிஞ்சுக்குவான். நாந்தான் கையாட்டுவேன், எவனாவது ஆட்டோணுமில்ல.

அப்புறம் பூனாவுல ஒரு ஃபைட்டு. எதிராளி கீழ படுத்துட்டு இவன் இடது கையை ரெண்டு காலுக்கு நடுவுல மாட்டிட்டான். கை பின்னால வளையுது. நான் கூண்டுக்கு வெளிய மூலையில நிக்கறேன். மூலைக்காரன் துண்டை உள்ள வீசினா ஃபைட்டை நிறுத்திடுவாங்க, அதுக்காகத்தான் மூலையில ஆள் வெக்கறதே. என் தோள்ல துண்டு இருந்தது. அதுல நான் மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டேன், அப்படி வேர்க்குது எனக்கு. "தட்டாதடா பூபதி, தட்டாதே"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அவன் தலையைத் திருப்பி என்னையே பார்த்தான். எதிராளியைப் பார்க்கலை, என்னைப் பார்த்தான். தட்டலையே! படக்குனு ஒரு சத்தம் கேட்டது, ரெஃப்ரிதான் விழுந்தடிச்சுப் பிரிச்சு விட்டாரு. தோத்துட்டோம். ஆனா ஊருக்கு வந்து நெஞ்சை நிமித்திச் சொன்னேன், கை போச்சு, தட்டலைன்னு. எத்தனை பேருக்கு அந்த ரோசம் வரும்?

அந்தக் கை இன்னைக்கும் முழுசா நீளாது. உங்ககிட்ட மறைக்கலை பாருங்க. தாலி கட்டறதுக்கு ஒண்ணும் தடையில்லீங்க, மூணு முடிச்சுத்தானே.

இப்ப விசயத்துக்கு வர்றேன். இந்த ஆட்டத்துல எடைதான் எல்லாம். சம எடைக்காரனோடதான் மோத விடுவாங்க. ஃபைட்டுக்கு மொத நாள் காலைல தராசுல ஏத்துவாங்க. அந்த ஒரு நேரம் முள்ளு சரியா நின்னாப் போதும். அப்புறம் தின்னுட்டுக் குடிச்சுட்டு மறுநாள் எவ்வளவு ஏறினாலும் கேள்வி கிடையாது. அதனால எல்லாருமே பெரிய உடம்பைச் சின்னதாக்கிக் காட்டிட்டு, சின்ன உடம்புக்காரனைப் போட்டு அமுக்கப் பார்ப்பாங்க. ஊரு உலகம் பூரா இதைத்தான் பண்றாங்க, நான் புதுசாக் கண்டுபுடிக்கலை.

பூபதி சும்மா இருந்தா எழுபத்திமூணு கிலோ. அறுபத்தாறுல ஆடிட்டிருந்தான். அப்ப பெங்களூர்ல இருந்து போன் வந்தது. அறுபத்தொண்ணு கிலோவுல பட்டத்துக்கு ஒரு ஃபைட்டு, மோத வேண்டியவனுக்கு முட்டி போயிடுச்சு, உங்க ஆளு இறங்குவானான்னு கேட்டாங்க. சாம்பியன் ஒரு மணிப்பூர்க்காரன், தோம்பான்னு பேரு. மூணு வாரம் இருக்குது. பட்டம்ங்க! அந்த பெல்ட்டு! இதுக்குத்தானே இத்தனை வருசம். நான் ஒரு நொடி கூட யோசிக்கலை, இறங்குவான்னு சொல்லிட்டேன்.

பூபதிகிட்ட சொன்னேன். "அறுபத்தொண்ணாங்ணா?"ன்னான். "ஆமா"ன்னேன். "சரிங்ணா"ன்னான்.

நான் லேத்துக்காரனுங்க. கையில ஒரு ஜாப் கொடுத்து இத்தனை சைசுக்குக் கொண்டான்னா கொண்டு வந்துருவேன். கொஞ்சம் கொஞ்சமாச் சீவி, அளந்து, மறுபடி சீவி. உடம்பு மட்டும் என்ன, அதுவும் ஒரு ஜாப்தானே. சோத்தை நிறுத்தினேன். உப்பை நிறுத்தினேன். அவிச்ச முட்டையில வெள்ளை மட்டும், கொஞ்சம் வெள்ளரிக்கா. என் சம்சாரம் கோமதி இருக்காளே, அவளுக்குப் பொறுக்காது. எனக்குத் தெரியாம தயிர்சோறு பிசைஞ்சு சமையல்கட்டுல மூடி வெச்சிருவா. நான் கண்டுபுடிச்சு எடுத்து நாய்க்குப் போட்டிருவேன். பூபதி பார்த்துட்டே இருப்பான். "எனக்கு ஒரு வாய் குடுங்ணா"ன்னு அவனும் கேக்கலை, "அந்தப் பையனைக் கொன்னு போடாதீங்க"ன்னு இவதான் அழுவா. பொம்பளைங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க.

பெங்களூருக்குப் போனோம். கடைசி ரெண்டு நாள் தண்ணி கிடையாது. அதுதான் முறை. ஓட்டல் பாத்ரூம்ல சுடுதண்ணியில உப்பைக் கொட்டி உக்கார வெச்சேன். வெளிய எடுத்துக் கம்பளியில சுத்தினேன். பிளாஸ்டிக் கோட்டைப் போட்டு மாடிப்படி ஏறி இறங்க வெச்சேன். புளிப்பு மிட்டாயை வாயில போட்டு எச்சியைத் துப்பச் சொன்னேன், முழுங்கக் கூடாது. பாட்டில்ல துப்பிட்டே இருந்தான், அப்புறம் எச்சியும் வரலை. கெண்டைக்கால் இழுக்குதுன்னான், நீவி விட்டேன். நான் நீவி விட்டேன்ங்க, இந்தக் கையால! தலையை மொட்டை அடிச்சேன், நூறு கிராமாவது குறையுமில்ல. மருதமலை முருகனுக்கு வேண்டுதல்னு பத்திரிகைக்காரங்ககிட்டச் சொல்லிட்டோம். அவன் என்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "மணி என்னங்ணா?" அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான்.

காலைல தராசுல ஏத்தினாங்க. முந்நூறு கிராம் அதிகம்.

முந்நூறு கிராம்! ஒரு டம்ளர் தண்ணிங்க. அவ்வளவுதான் பாக்கி. ஒரு மணி நேரம் டைம் கொடுத்தாங்க, அதுக்குள்ள குறைச்சுட்டு வந்து ஏறிக்கலாம்னு. கணபதியில இருந்து ஒரு வேன் நிறைய ஆளுங்க வந்திருக்காங்க. ரோஜா மாலை வாங்கி ஐஸ் பெட்டியில வெச்சிருக்காங்க. எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

காரை வெயில்ல நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏத்தி, ஹீட்டரைப் போட்டு, கம்பளியைச் சுத்தி உள்ள உக்கார வெச்சேன். ஏப்ரல் மாசம். நல்லா வேர்க்கோணும் இல்லீங்களா? வேர்க்கவே இல்ல. நெத்தியைத் தொட்டுப் பார்த்தா அனலாக் கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வை இல்ல. காய்ஞ்சு கிடக்குது. எனக்கு வந்தது பாருங்க கோவம். வேணும்னே பண்றான்னு நினைச்சேன். மனசு இருந்தா வேர்வை வராதாங்க? "என்னடா, இத்தனை தூரம் வந்துட்டு இப்ப விளையாடறியா"ன்னு கேட்டேன். என்னமோ முனகினான். வார்த்தையே புரியலை. இன்னொரு கம்பளி கொண்டு வரலாம்னு நான் ஓட்டலுக்குள்ள போனேன்.

திரும்பி வந்து பார்க்கறேன். கார் கதவு தொறந்து கிடக்குது. பூபதி கீழ, சிமெண்டுத் தரையில, நிழல்ல கிடக்கான். அவன் தலையை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கான் ஒருத்தன். யாருன்னு நினைக்கறீங்க? அந்தத் தோம்பா! நாளைக்கு இவனோட மோதப் போறவன்! பாட்டில் மூடியில தண்ணி ஊத்தி, மூடி மூடியா இவன் வாயில விட்டுட்டிருக்கான். இவனும் குடிக்கறான். கண்ணை மூடிட்டு, கொழந்தை மாதிரி, எதிராளி மடியில படுத்துட்டுக் குடிக்கறானுங்க!

எனக்கு உலகமே இருட்டிடுச்சு. ஓடிப் போய் பாட்டிலைத் தட்டி விட்டேன். அது உருண்டு போச்சு. அந்தத் தோம்பா என்னைப் பார்த்து இந்தியில என்னமோ கத்தினான், எனக்கு ஒண்ணும் புரியலை. புரியவும் வேண்டாம். நான் பூபதியைத்தான் பார்த்தேன். "எந்திரிடா, இன்னும் நேரம் இருக்குது"ன்னேன். அவன் எந்திரிக்கலை. முட்டியால ஊர்ந்து போனான். கீழ கிடந்த பாட்டிலை எடுத்தான். மிச்சம் இருந்த தண்ணி பூராத்தையும் என் மூஞ்சிக்கு நேரா வெச்சுக் குடிச்சான். குடிச்சுட்டு, "போதும்ணா"ன்னான்.

போதும்ணா. கேட்டீங்களா? சின்னதுல இருந்து சரிங்ணா, சரிங்ணான்னே சொன்ன வாயி. பூனாவுல கை போனப்பக் கூட அவன் தட்டலை. அன்னைக்குத் தட்டிட்டான். எதிராளிகிட்ட இல்ல, எங்கிட்ட.

இதுல இருக்கற சூது உங்களுக்குப் புரியுதுங்களா? எடை தவறினா ஃபைட்டு கிடையாது. ஃபைட்டு இல்லைன்னா பட்டம் அவன்கிட்டயே நின்னுக்கும். ஒரு பாட்டில் தண்ணியில என் தம்பி வாழ்க்கையை முடிச்சுட்டான் அந்த மணிப்பூர்க்காரன். சில பேரு சொன்னாங்க, ஃபைட்டு இல்லைன்னதுல அவனுக்கும்தான் வருமானம் போச்சு, அவன் ஏன் அப்படிப் பண்றான்னு. எல்லாம் வெளி நடிப்புங்க. எனக்குத் தெரியாதா? பயந்துட்டான். பூகம்பத்தைப் பார்த்துப் பயந்துட்டான்.

ஆம்புலன்ஸ்ல தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. ஒண்ணுக்குப் போனா கடுங்காப்பி மாதிரி வருதுன்னு நர்ஸ் வந்து சொல்லிச்சு. என்கிட்ட வந்து ஏன் சொல்றீங்க, தண்ணி கொடுத்தவன்கிட்டப் போய்ச் சொல்லுங்கன்னேன். அவன் அங்கதான் பெஞ்சுல உக்காந்திருந்தான். நான் சாயந்திரம் பஸ் ஏறிட்டேன். வேன்ல வந்த ஆளுங்க எனக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க. போறப்ப ஒருத்தன் கேக்கறான், "அண்ணா, இந்த மாலையை என்ன பண்றது?"ன்னு. ஓசூர் வர்றதுக்குள்ள எனக்கு அழுகை வந்துடுச்சு. பக்கத்து சீட்டுல இருந்த அம்மா, யாராவது தவறிட்டாங்களான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன்.

அப்புறம் பூபதி இங்க வரலை. பெங்களூர்லயே இருந்துட்டான். தோம்பா ஜிம்லயே வாத்தியாரா இருக்கான்னாங்க. எப்படி இருக்குது கதை? ஆபீசுக்குப் போற பொண்ணுங்களுக்கும் ஐ.டி. பசங்களுக்கும் குத்துச் சொல்லிக் கொடுக்கறானாம். கூண்டுல பட்டம் வாங்க வேண்டியவன்! மொத தீபாவளிக்குப் போன் பண்ணினான், நான் எடுக்கலை. ரெண்டாவது தீபாவளிக்கும் பண்ணினான். இந்த வருசம் பண்ணலை. பண்ணியிருந்தா எடுத்திருப்பனோ என்னமோ. கோமதிகிட்ட மட்டும் பேசறான், எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு ரெண்டு பேரும் பேசறாங்க. நான் கண்டுக்கறதில்லை.

மன்னிப்புங்க. "அண்ணா, நான் பண்ணினது தப்பு"ன்னு அந்த வாசல்ல வந்து ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. கல்யாணத்துக்கு வந்து நிக்கோணும்னா அதைச் சொல்லட்டும். நீங்க வேணா அவன்கிட்டச் சொல்லுங்க, அண்ணன் கேட்டாருன்னு.

இப்ப நீங்க கேளுங்க. என்னமோ கேக்க வந்தீங்க, நானே பேசிட்டிருக்கேன்.

என்னுங்க?

கிட்னியா? எங்க வம்சத்துலயா? எங்க வம்சத்துல யாருக்கு கிட்னிக் கோளாறு? யாரு சொன்னா உங்களுக்கு?

பூபதியா சொன்னான்? பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கேவா? என்னன்னு? ரெண்டு கிட்னியும் பாதிதான் வேலை செய்யுதுன்னா? மாத்திரை சாப்பிடறானா? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே. கோமதிக்குத் தெரிஞ்சிருக்கும். அவளும் சொல்லலை பாருங்க.

காய்ச்சல்ல போச்சுன்னு சொன்னானா? என்ன காய்ச்சல்? ஓ. அதனாலதான் உங்களுக்குச் சந்தேகம். காய்ச்சல்ல எப்படிக் கிட்னி போகும், பரம்பரைச் சீக்கை மறைக்கறாங்களோ, நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் வருமோன்னு. அதைத்தான் கேக்க வந்தீங்க. வந்ததுல இருந்து அதைக் கேக்காம உக்காந்திருந்தீங்களா?

இங்க பாருங்க. எங்க அய்யன் லாரியில அடிபட்டுப் போனவரு, நல்ல திடகாத்திரம். அம்மாவுக்கு நெஞ்சு வலி. எங்க தாத்தன் எண்பத்தஞ்சு வயசு வரைக்கும் கிணத்துல குதிச்சு நீச்சலடிச்சவரு. ஒருத்தருக்கும் கிட்னிக் கோளாறு கிடையாது. வேணும்னா இப்பவே வாங்க, லேபுக்குப் போலாம், என் ரத்தத்தை எடுத்துப் பார்க்கட்டும். எங்க வம்சத்து மேல அப்படி ஒரு பேரு வர்றதுக்கு நான் விட மாட்டேன். அந்த உடம்பை எனக்குத் தெரியாதாங்க? பத்து வயசுல இருந்து நான் பார்த்துப் பார்த்துச் செஞ்ச உடம்பு. ஃபைட்டுக்கு ஃபைட்டு ரத்தம், ஒண்ணுக்கு எல்லாம் டெஸ்ட் பண்ணுவாங்க. பெங்களூருக்குப் போறதுக்கு மொத வாரம் கூடப் பண்ணினாங்க. எல்லாம் சுத்தம். ஒரு குறை கிடையாது.

எப்ப போச்சுன்னு சொன்னான்?

அந்த ஏப்ரல்லயா?

அந்த ஏப்ரல்ல அவன் என் கூடத்தானே இருந்தான். காய்ச்சல் எதுவும் இல்லையே. உடம்பு கொதிச்சது, அது கார்ல, அது ஹீட்டருக்கு...

இருங்க. ஒரு நிமிசம் இருங்க.

அந்தத் தண்ணி! நான் சொன்னேனா இல்லையா? அந்த மணிப்பூர்க்காரன் கொடுத்தானே, அந்தத் தண்ணியில என்னமோ கலந்திருக்கான். இல்லைன்னா நல்லா இருந்த கிட்னி எப்படிங்க போகும்? அதைக் குடிச்சதுக்கப்புறம்தானே ஒண்ணுக்குக் கறுப்பா வந்தது? அதுக்கு முன்னாடி வந்துச்சா? அதுக்கு முன்னாடி வரவே இல்லீங்களே, ஒண்ணுக்கே வரலையே. எனக்கு அப்பவே சந்தேகந்தான். காய்ச்சல்னு சொல்லி இவன் அவனைக் காப்பாத்தறான். சிநேகிதனை விட்டுக் கொடுக்கலை. கூடப் பொறந்தவனை விட்டுட்டு எவனையோ காப்பாத்தறான்.

ஏனுங்க அப்படிப் பார்க்கறீங்க?

இல்ல, என் மூஞ்சியையே பார்க்கறீங்களேன்னு கேட்டேன்.

பொண்ணுக்கு எல்லாம் தெரியுமா? தெரிஞ்சேதான் சரின்னுச்சா? உங்களுக்குத்தான் பரம்பரையான்னு ஒரே ஒரு சந்தேகம். அதுவும் தீர்ந்துச்சா? சந்தோசம். அண்ணன் சொன்னதுல தீர்ந்ததுன்னு அவன்கிட்டச் சொல்லுங்க. தப்பா ஒரு வார்த்தை சொல்லலைன்னு சொல்லுங்க. யாரு காப்பாத்தினாங்கன்னு கடைசியில தெரியட்டும் அவனுக்கு.

கிளம்பிட்டீங்களா? டீ சொல்லியிருக்கேனே. சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா போங்க.

ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு. அவன் இப்ப என்ன எடை இருக்கான்?

அதில்லீங்க, நேர்ல பார்த்தீங்கல்ல, ஒரு மதிப்புக்குச் சொல்லுங்க. எண்பதா? எண்பது இருப்பானா! தொப்பை வேற விழுந்துடுச்சா? கடவுளே. அப்படி என்னதாங்க திங்கறான்?

உங்கூட்டு விருந்துலயா? உப்பில்லாம தனியாச் செஞ்சு வெச்சீங்களா அவனுக்கு? சரி. ரசத்துக்கு ரெண்டாந்தடவை சோறு கேட்டானா? பூபதியா? நீங்களாப் போடாம, அவனே வாயைத் தொறந்து, இன்னும் கொஞ்சம் போடுங்கன்னு கேட்டானா?

எங்கூட்டுல பதினேழு வருசம் இருந்தானுங்க. எங்கிட்ட ஒரு நாள் கேட்டதில்லை. அவ்வளவு அழுத்தக்காரன்.